உப்பில்லா மாஸ்டரின் புதன்கிழமை

புதன்கிழமை என்றாலே மாஸ்டருக்கு ஆகாது. மற்ற நாளெல்லாம் அவர் ராஜா. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அழுக்குத் துணி குவிந்து கிடக்கும் சலவை அறையைத் தாண்டினால் சமையற்கூடம். அங்கே சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும் அடுப்பின் முன்னால் போய் நின்றுவிட்டார் என்றால், பெரிய டாக்டரே வந்தாலும் அவர் முதுகோடுதான் பேச வேண்டும். ஆயுசில் பாதியைச் சுவரைப் பார்த்தே கழித்த மனிதர். சுவர் நல்ல சுவர். எதிர்க்கேள்வி கேட்காது, நடுவில் எழுந்து போகாது, கொட்டாவி விடாது.

புதன்கிழமை மதியம் மட்டும் அவர் மனிதர்களைப் பார்த்துச் சமைத்தாக வேண்டும். அதுதான் கொடுமை.

அந்தச் சமையற்கூடத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் ஊழியர்களுக்கும் சாதாரண நோயாளிகளுக்கும். அங்கே உப்பு, காரம், எண்ணெய் எதற்கும் தடை இல்லை. இன்னொரு பக்கம் இதயம் பலவீனப்பட்டவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும். அங்கே உப்பு டப்பாவே கிடையாது. இளவயதில் இந்தப் பக்கம் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். உப்பில்லா மாஸ்டர் என்று யாரோ கேலிக்கு வைத்தது, போகப் போக அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

ருசி பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. காய் வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்ப்பார், பூண்டு வதங்கியதா என்று மூக்கால் பார்ப்பார். உப்பே இல்லாத சமையலில் நாக்குக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. மதியம் ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து மனைவி கொடுத்தனுப்பிய அடுக்குப் பாத்திரத்தைத் திறப்பார். அதில் உறைப்பும் உப்புமாக எல்லாம் இருக்கும்.

இப்படி நிம்மதியாக இருந்தவரைப் பிடித்துக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தியவர் டயட்டீஷியன் அம்மா.

"மாஸ்டர், குணமாகி வீட்டுக்குப் போறவங்க கொஞ்ச நாள்ல கால் வீங்கி, மூச்சு வாங்கித் திரும்பி வர்றாங்க. நான் வாயால சொல்றது யாருக்கும் ஏறல. நீங்க கையால செஞ்சு காட்டுங்க" என்றார். கூடவே மூன்று விஷயம் சொன்னார். முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். "முக்கியமா, கடைசியில நீங்களும் அவங்களோட உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடணும். செஞ்சவரே சாப்பிடலன்னா யார் நம்புவாங்க?"

முதல் இரண்டும் தலைகீழாக நின்றும் மாஸ்டருக்கு வரவில்லை. மூன்றாவதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "இப்பத்தான்மா சாப்பிட்டு வந்தேன்."

இடம், வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடம். சக்கரம் வைத்த மேஜை, அதன்மேல் ஒரு கரண்ட் அடுப்பு. சட்டிக்குள் நடப்பது பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று, உடற்பயிற்சி அறையிலிருந்த பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்து மேஜைக்கு மேலே சாய்த்துக் கட்டியிருந்தார்கள். அதில் சட்டி தெரிந்தது. மாஸ்டரின் உச்சந்தலை வழுக்கையும் தெரிந்தது. முதல் வாரம் கூட்டம் சட்டியைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தது.

என்ன கூட்டம் அது! பக்கத்திலேயே மருந்துக் கடை ஜன்னல். "டோக்கன் எழுபத்தி நாலு!" என்று அங்கிருந்து குரல் வந்ததும் பாதிப் பேர் எழுந்து தங்கள் சீட்டைப் பார்ப்பார்கள். எலுமிச்சை ஏன் சேர்க்கிறோம் என்று இவர் வாய் கிழியச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மாள் கை தூக்குவாள். ஆஹா, கேள்வி கேட்கிறாளே என்று இவர் குளிர்ந்து போனால், "இந்தச் சட்டி எங்க வாங்குனீங்க மாஸ்டர்?" என்பாள். பதில் சொல்லத் திரும்பினால் அடியில் பூண்டு கருகும். கருகல் வாசம் வந்ததும் பழக்க தோஷத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிவிடுவார். "மாஸ்டர், திரும்புங்க" என்று டயட்டீஷியன் அம்மா சைகை காட்டுவார். கடைசியில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று கிண்ணத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். வாராவாரம் அந்தக் கிண்ணங்களைக் குனிந்து பொறுக்கும்போது அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். உயிரைக் கொடுத்துச் செய்வதை இப்படியா தரையில் தள்ளுவது?

சரி, எவனோ எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்த மாதம் அப்படி விட முடியவில்லை. அவருடைய அக்கா மேலே, மூன்றாம் மாடியில் படுத்திருந்தாள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இதயம் பலவீனம், உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. வருஷத்துக்குள் இது இரண்டாவது தடவை. "இன்னொரு தடவை இப்படி வந்தா எங்க கையில இல்ல. உப்பைத் தொடக் கூடாது" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அடுப்பின் முன் நிற்க அவளுக்கு மூச்சு பத்தாது; மகள் வெளிநாட்டில். ஆகவே இனிமேல் சமைக்கப் போகிறவர் மாமா, அவள் புருஷன்.

மாமா பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகியும் குரல் இறங்கவில்லை. எந்த வரிசையில் நின்றாலும் பத்து நிமிஷத்தில் அந்த வரிசை அவர் வசம் வந்துவிடும். நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் "அது எனக்குத் தெரியாதா மாப்ள?" என்பார். தெரியவே தெரியாது.

"மாமா, நாளைக்கு நீங்க முன்வரிசையில உட்காரணும். நான் செய்யறதை ஒண்ணு விடாம பாக்கணும்" என்று மாஸ்டர் செவ்வாய்க்கிழமையே சொல்லி வைத்தார்.

"டிக்கெட் போட்டுட்டியா? ஜன்னலோர சீட்டா?" என்று மாமா சிரித்தார்.

"விளையாடாதீங்க மாமா. அக்கா உயிர் உங்க கையிலதான் இருக்கு."

மாமாவின் சிரிப்பு நின்றது. "வரேன்டா" என்றார்.

அந்தப் புதன்கிழமை மாஸ்டர் தொட்டதெல்லாம் துலங்கியது. காயெல்லாம் முன்னாலேயே நறுக்கி வைத்துக்கொண்டார். பேச வேண்டியதைக் காலையில் சுவரிடம் பேசிப் பார்த்துக்கொண்டார். பூண்டை முழுசாக வதக்குவது, வெங்காயத்தைப் பொன்னிறத்துக்குக் கொண்டுவருவது, கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் அதில் வேகும்போது மிளகு தட்டிப் போடுவது, எலுமிச்சை பிழிவது என்று சொல்லிச் சொல்லிச் செய்தார். முதுகைக் காட்டவே இல்லை. மாமா முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணங்கள் போயின. மாஸ்டர் குனிந்து மேஜையைத் துடைத்து முடிப்பதற்குள் திரும்பி வந்தன. மாஸ்டர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஒவ்வொன்றும் வழித்து எடுத்தாற்போல் காலி! பின்வரிசையிலிருந்து ஒருவர், "மாஸ்டர், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார். ஒருத்தி தன் குழந்தைக்குக்கூட ஊட்டினாள். டயட்டீஷியன் அம்மா தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. அடேயப்பா, நமக்கும் இது வருகிறதே!

கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அதுகூடச் சந்தோஷமான வேலையாக இருந்தது. மூன்றாவது நாற்காலியை இழுத்தபோது காலடியில் ஏதோ சரசரத்தது. நகத்தளவு வெள்ளைக் காகிதப் பொட்டலம், கிழித்தது. கேண்டீனில் அவித்த முட்டையோடு கொடுப்பார்களே, அந்த உப்புப் பொட்டலம். பக்கத்து நாற்காலிக்கு அடியிலும் ஒன்று. அடுத்த வரிசையிலும். அதற்கடுத்த வரிசையிலும்.

அவருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர் நகர முடியாதபோது டிக்கெட்டும் சில்லறையும் கைமாறிக் கைமாறிப் பின்னால் போகுமே, அப்படிப் போயிருக்கிறது உப்பு. முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் யார்?

மாஸ்டர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினார்.

மூன்றாம் மாடி அறையில் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர் சமைத்த அதே காய், தட்டில். மாமா பக்கத்தில் நின்று பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

மாமாவின் வாயிலிருந்து பொட்டலம் விழுந்தது.

"கொலை பண்றீங்க மாமா! தெரிஞ்சே பண்றீங்க! கரடியா கத்துறேனே, ஒருத்தர் காதுலயாவது ஏறுச்சா? கீழ அத்தனை பேருக்கும் வேற பரிமாறி விட்டிருக்கீங்க. இன்னைக்குத்தான் எல்லாரும் சாப்பிட்டாங்கன்னு நான் பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டுக்கிட்டு நிக்கறேன்!"

"கத்தாதடா, பக்கத்து ரூம்ல ஆளு இருக்கு" என்றார் மாமா. கத்தாதே என்று அவர் வாயால் சொல்லி மாஸ்டர் கேட்டதே இல்லை. "அவ சாப்பிடவே மாட்டேங்கறா மாப்ள. நேத்து முழுக்க ரெண்டு வாய். ஒரு சிட்டிகை போட்டா அரைத் தட்டு சாப்பிடறா. பட்டினியா கிடக்கறதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? கீழயும் அப்படித்தான். உன் சமையலை ஒரு வாய் வெச்சுட்டு எல்லாரும் முழிச்சாங்க. உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான் அனுப்பினேன்."

உதவியாம்! மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "தம்பி, இங்க உட்காரு. ஒரு கேள்வி கேக்கறேன், சுத்தி வளைக்காம பதில் சொல்லு. இதை நீ ஒரு தட்டு முழுசா சாப்பிட்டிருக்கியா?"

"அக்கா, நான் எத்தனை வருஷமா..."

"சமைச்சதைக் கேக்கல. சாப்பிட்டதைக் கேக்கறேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். இப்பத்தான் சாப்பிட்டேன் என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அக்காவிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல" என்றார்.

"அப்ப சாப்பிடு."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முதல் வாய் பரவாயில்லை, பூண்டு மணந்தது. இரண்டாவதில் மணமும் போய்விட்டது. மூன்றாவது வாயில் சவசவ என்று ஈரக் காகிதத்தை மெல்லுவதுபோல் இருந்தது. மேலே வந்து சேர்வதற்குள் ஆறிப்போய்விட்டது வேறு. கொதிக்கும்போது பிழிந்த எலுமிச்சை மணத்தை எல்லாம் ஆவியோடு விட்டுவிட்டு ஒரு கசப்பை மட்டும் வைத்திருந்தது. ஐயோ, இதையா இத்தனை காலம் ஆட்களுக்குக் கொடுத்து, சாப்பிடவில்லை என்று கோபப்பட்டோம்? அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. டயட்டீஷியன் அம்மா முதல் நாளே சொன்னார். அந்த அம்மாவின் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"சகிக்கல" என்றார் மாஸ்டர்.

அக்கா சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "அப்பாடா. உண்மையைச் சொன்ன முதல் ஆள் நீதான். இந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் 'பழகிடும்மா, பழகிடும்மா'ங்கறாங்க."

மாஸ்டர் கீழே போய் ஒரு எலுமிச்சம்பழமும் சுடச்சுட வேறொரு தட்டும் கொண்டுவந்தார். பழத்தைத் தட்டின் மேலேயே பிழிந்தார். அவள் ஒரு வாய், அவர் ஒரு வாய். இந்தத் தடவை அவ்வளவு மோசமில்லை. நன்றாகவும் இல்லை. அக்கா முகத்தைச் சுளித்தபடியே தட்டைக் காலி பண்ணினாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வெளியே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் மாஸ்டருக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்க் கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். "இல்லடா, போடா" என்பாள் அவள். மாமா பின்னாலேயே நின்று, "அதான் நான் பாத்துக்கறேன்ல?" என்பார். அந்த வார்த்தையைத்தான் மாஸ்டரால் நம்ப முடியவில்லை. அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தோன்றும். பார்த்தால் மாமாவுக்குச் சுருக்கென்று இருக்கும். பார்க்காமலே வந்துவிடுவார். வந்த பிறகு பார்த்திருக்கலாமே என்று பொருமுவார்.

அடுத்த புதன்கிழமை மாமா கூப்பிடாமலே வந்து முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். வந்துட்டாரய்யா என்று மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, அடுப்பைப் போடும் முன்பே, மேலே நோயாளிகளுக்குக் கொண்டுபோவதற்காக வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். முகம் சுளித்தது; அதை மறைக்கவும் இல்லை. மருந்துக் கடையில் டோக்கன் கூப்பிட்டார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சமைக்கிற ஆள் இப்படி முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் சமையலையே தின்பதை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்?

தட்டைக் கீழே வைத்தார். "நல்லா இருக்காது. பொய் சொல்ல மாட்டேன். ஆறினா இன்னும் மோசம். எலுமிச்சையை அடுப்புல பிழியாதீங்க, தட்டுல பிழியுங்க. எல்லாத்தையும் விட முக்கியம், வீட்ல நோயாளியைத் தனியா இதைச் சாப்பிட விடாதீங்க. கூட ஒருத்தர் உட்கார்ந்து இதையே சாப்பிடணும். நான் இத்தனை வருஷம் சாப்பிடல. அதனாலதான் எனக்கு இது தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப யார் கிட்ட உப்புப் பொட்டலம் இருக்கு? எடுங்க."

கூட்டம் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான், எல்லாம் வீண் என்று மாஸ்டர் நினைத்தார். அப்போதுதான் மாமா எழுந்தார்.

"பின்னாடி இருக்கறவங்க எல்லாம் அப்படியே கைமாத்தி முன்னாடி அனுப்புங்க! ஏம்மா, நீங்கதான், பையைத் திறங்க! அனுப்புங்க, அனுப்புங்க, ஒருத்தரும் வெச்சுக்கக் கூடாது!"

அந்தக் குரலை எதிர்த்து யாரால் உட்கார முடியும்? பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. ஒரு அம்மாள் பர்ஸின் உள்ளறையிலிருந்து எடுத்தாள். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து எடுத்தார். குழந்தைக்காரப் பெண் பால்புட்டிப் பையைத் துழாவினாள். போன வாரம் மாமா அனுப்பியது ஒரு கைப்பிடிதான். இது அவரவர் சொந்தச் சரக்கு. மேஜைமேல் குவிந்தது. மேலே கட்டிய கண்ணாடியில் அந்தக் குவியல் கூடம் முழுக்கத் தெரிந்தது. எல்லாரும் அண்ணாந்து அதையே பார்த்தார்கள்.

கடைசியாக மாமா தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மாஸ்டர் அதை வெறித்துப் பார்த்தார். ஒரு வாரம் சத்தியம் பண்ணாத குறையாக, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன மனிதர்! "பேண்ட் பை" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மாமா முறைத்தார். பிறகு மெதுவாகக் கையை விட்டு இன்னும் இரண்டு எடுத்தார்.

"வீட்ல எவ்வளவு இருக்கு?" என்று மாஸ்டர் கூட்டத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்கு இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

"வீட்ல ஒரு கல் உப்பு கிடையாது. வந்த அன்னைக்கே டப்பாவை நானே சிங்க்ல கொட்டிட்டேன்." மாமாவின் குரலும் இறங்கியிருந்தது. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இது எனக்குடா. மூணு வேளையும் அவ எதிர்ல உட்கார்ந்து நானும் அதையேதான் திங்கறேன். நான் நிறுத்தினா அவ நிறுத்திடுவா. சாயந்திரம் பால் வாங்கப் போற சாக்குல ரெண்டு தெரு தள்ளிப் போய் ஒரு முட்டை வாங்கி, இதைப் போட்டுத் தின்னுட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு வரேன். என்னால முடியல மாப்ள. அவ கிட்ட சொல்லிடாத."

ஒரு வாரமாக இந்த மனிதரை மனசுக்குள் திட்டாத திட்டில்லை. மாஸ்டர் குவியலிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, கூட்டத்துக்குத் தெரியாமல், மாமாவின் சட்டைப் பையில் போட்டார்.

"மாஸ்டர்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கண்ணாடியில தெரியுது!"